நினைவு ஃபெலோஷிப்: பெரிய லேபா, சின்ன லேபா?

பனித்துளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கண் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு என்பதால் கேட்கிறேன்.

பிஎச்.டி. முடித்து அதே ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக இருக்கிறேன். பூஞ்சையால் கருவிழியில் (கார்னியா) வரும் புண்தான் என் ஆய்வு. மறைந்த ஒரு கண் விஞ்ஞானியின் நினைவாக அவருடைய குடும்பமும் மாணவர்களும் சேர்ந்து கொடுக்கும் ஒரு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். பெயர் வேண்டாம், போட்டிக்கு நிற்பவர்கள் இங்கேயும் இருப்பீர்கள்.

விண்ணப்பிப்பவரும் அழைக்கும் ஆய்வகமும் வெவ்வேறு நாட்டில் இருக்க வேண்டும். பயணம், தங்குமிடம், காப்பீடு இவற்றுக்குப் பணம் உண்டு. வேதிப்பொருளுக்கும் கருவிக்கும் சம்பளத்துக்கும் கிடையாது. 3 மாதம், காரணம் நன்றாக இருந்தால் 6 மாதம். இரண்டு பக்கத் திட்டம், ஹோஸ்ட் (அழைக்கும் ஆய்வகத்தின் தலைவர்) கடிதம், "திரும்பிய பிறகு இந்த உறவு எப்படித் தொடரும்" என்று அரைப் பக்கம். அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

என் கையில் இரண்டு ஹோஸ்ட். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெரிய லேப். கருவிழியில் செல் செல்லாகப் பிரித்து மரபணு வெளிப்பாடு பார்ப்பவர்கள். இன்னொன்று ஐரோப்பாவில் ஐந்தாறு பேர் இருக்கும் சின்ன லேப். ஒட்டறுவைக்குப் பயன்படாத தானக் கருவிழியை உயிரோடு வைத்து, அதில் தொற்றை உண்டாக்கி, மருந்து எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். கைடு பெரிய லேபுக்குப் போ என்கிறார், சிவியில் அந்தப் பெயர் இருந்தால் போதும் என்பது அவர் வாதம். எனக்கு மனசு சின்ன லேப் பக்கம்.

அப்புறம், யார் நினைவாகக் கொடுக்கிறார்களோ அவரைப் பற்றி விண்ணப்பத்தில் எவ்வளவு எழுத வேண்டும்? சாம்பிள்களை இங்கிருந்து எடுத்துப் போவதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நுண்ணோக்கி

இது மாதிரி தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். ரகசியம் ஒன்றும் இல்லை. நான் முதலில் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கான பதிலை: இந்த வேலைக்கு எதற்கு இரண்டு நாடு? பல விண்ணப்பங்கள் அந்தப் பக்கமே போகாது. "அங்கே உலகத்தரமான வசதி இருக்கிறது, நான் கற்றுக்கொண்டு வருவேன்" என்று முடிந்துவிடும். அது பயிற்சிக்கான விண்ணப்பம். பயிற்சிக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. சர்வதேசக் கண் மருத்துவக் கவுன்சில் 2001 முதல் வளரும் நாடுகளின் இளம் கண் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் ஃபெலோஷிப் அந்த வகைதான். நீங்கள் கேட்பது கூட்டாய்வுக்கான பணம். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்ய முடியாத ஒன்று அதில் இருக்க வேண்டும்.

உங்கள் துறையிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு, அதுவும் ஒரு நினைவு நிதியில் தொடங்கியது. பிரான்சிஸ் பிராக்டர் என்பவர் பாஸ்டனில் கண் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்று நியூ மெக்சிகோவில் போய்க் குடியேறினார். அங்கே பழங்குடி மக்களிடம் டிரக்கோமா என்ற, பார்வையைப் பறிக்கும் கண் தொற்று பரவியிருப்பதைப் பார்த்து, ஓய்வை மறந்து அதை ஆராய்வதில் இறங்கிவிட்டார். 1936ல் காலமானார். அவர் மனைவி எலிசபெத்தின் கொடையில் 1947ல் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பிராக்டர் ஃபவுண்டேஷன் உருவானது. பல பத்தாண்டுகள் கழித்து அதே நிறுவனமும் அரவிந்த் கண் மருத்துவமனையும் கைகோத்துத்தான் கருவிழிப் புண்ணின் முக்கியமான சோதனைகளை நடத்தின. பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு சேர்க்கலாமா என்று 500 நோயாளிகளிடம் ஒன்று. பூஞ்சைப் புண்ணுக்கு இரண்டு பூஞ்சை மருந்துகளில் எது நல்லது, நாட்டமைசினா, வொரிகோனசோலா என்று 323 நோயாளிகளிடம் இன்னொன்று. பழைய மருந்தான நாட்டமைசின்தான் ஜெயித்தது, ஃபியூசேரியம் பூஞ்சையில் வித்தியாசம் இன்னும் பெரிது. 2013ல் வெளிவந்தது. பனித்துளிக்கு இதெல்லாம் மனப்பாடமாக இருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதில் ஒரு பக்கம் இப்படிப்பட்ட சோதனையை வடிவமைத்து, அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்திடம் நிதி வாங்கி, முடிவை அலசத் தெரிந்தவர்கள். மறுபக்கம் அந்தப் புண்ணை அன்றாடம் பார்க்கிற மருத்துவர்கள். பூஞ்சைப் புண் அரிதாக வருகிற ஊரில் 323 பேரைச் சேர்ப்பதற்குள் ஆய்வாளர் ஓய்வுபெற்றுவிடுவார். எதற்கு இரண்டு நாடு என்ற கேள்விக்கு அங்கே பதில் தானாகவே வந்துவிடுகிறது. உங்கள் திட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், லேப் பெரியதா சின்னதா என்பதை அப்புறம் பார்ப்போம்.

உறைநிலை

சாம்பிள் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 3 மாதத் திட்டத்தில் "உறையவைத்த திசுவை அனுப்புவோம்" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

எங்கள் லேபிலிருந்து ஒரு முறை விழித்திரைத் திசு அனுப்பினோம். டிரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரி, பெட்டிக்குள் திசு கல் மாதிரி இருக்கும். ஆனால் அது உருகித் தண்ணீராவதில்லை, நேராக வாயுவாகிப் போய்விடுகிறது, நாளுக்கு நாள் பெட்டி எடை குறைந்துகொண்டே வரும். அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்த விமான நிலையத்தில் சுங்கத்தில் நின்றது. காரணம், ஒரு தாளில் "திசு" என்றும் இன்னொரு தாளில் "ஆர்என்ஏ" என்றும் இருந்தது. யாரோ தட்டச்சு செய்த ஒரே ஒரு சொல். வழியில் டிரை ஐஸ் நிரப்பித் தருவதாகக் கூரியர்காரர்கள் சொல்லியிருந்தார்கள், வார இறுதியில் அந்த ஆளே இல்லை. பெட்டி கைக்கு வந்தபோது உள்ளே குழாய்கள் சில்லென்றுகூட இல்லை. ஆர்என்ஏவை ஓட்டிப் பார்த்தால் பட்டைக்குப் பதில் ஒரே கறை, எல்லாம் சிதைந்துபோயிருந்தது.

ஆகவே ஆர்என்ஏவை இங்கேயே பிரித்து, இங்கேயே சீக்வென்ஸ் செய்து, டேட்டாவை மட்டும் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அனுமதி வாங்குவதற்கே ஃபெலோஷிப் காலத்தைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு நாட்டின் உயிரின மரபு வளங்களை இன்னொரு நாட்டவர் பயன்படுத்துவதற்கான சர்வதேச ஒப்பந்தம் நகோயா நெறிமுறை. மனிதத் திசுவுக்கு அது பொருந்தாது, மனித மரபு வளங்கள் அதன் வரம்புக்கு வெளியே. ஆனால் புண்ணிலிருந்து வளர்த்தெடுத்த பூஞ்சை நுண்ணுயிர்க் கணக்கில், அந்த நெறிமுறைக்குள் வரும். பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரே நோயாளியின் ஒரே புண்ணிலிருந்து வந்த இரண்டு குழாய்க்கு இரண்டு விதமான சட்டம். அதோடு ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்தச் சட்டமும் உண்டு.

பனித்துளி

நகோயா விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. கைடிடம் கேட்டேன், "குழாயில் போட்டு எடுத்துட்டுப் போ" என்றார். 😐

உறைநிலை

அது 2014ல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கைடு போஸ்ட்டாக் போனது அதற்கு முன்னால் இருக்கும். அவர் காலத்தில் சட்டைப் பையில் குழாயோடு விமானம் ஏறிய கதைகள் எல்லா லேபிலும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

எதிர்க்கட்சி

எல்லோரும் நல்லபடியாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கெடுக்கிறேன்.

நினைவு ஃபெலோஷிப் என்பது கொடுப்பவர்களின் மனநிறைவுக்கு. தவறு என்று சொல்லவில்லை, அப்பாவின் பெயர் நிலைக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஆனால் அதை ஆராய்ச்சிக் கூட்டுறவு என்று அழைப்பதில்தான் எனக்குச் சிக்கல். ஒரு இளைஞர் விமானம் ஏறுகிறார், இன்னொருவருடைய லேபில் இன்னொருவருடைய கேள்விக்கு 3 மாதம் கை கொடுக்கிறார், பேப்பரில் நடுவில் எங்கேயோ பெயர் வருகிறது, திரும்புகிறார். அல்லது திரும்புவதில்லை. அதே பணத்தில் அவருடைய சொந்த லேபுக்கு ஒரு வருடத்துக்கான ஆன்டிபாடி வாங்கிக் கொடுத்திருந்தால் ஆறு மாணவர்கள் பிழைத்திருப்பார்கள்.

போக்குவரத்து எந்தத் திசையில் என்பதையும் பாருங்கள். நோயும் சாம்பிளும் இருக்கிற இடத்திலிருந்து கருவி இருக்கிற இடத்துக்குத்தான் ஆள் போகிறார். எதிர்த் திசையில் வருகிறவர் பாராசூட்டில் இறங்கி, சாம்பிளை அள்ளிக்கொண்டு போகிறார். இதற்குப் "பாராசூட் ஆராய்ச்சி" என்று பெயரே வந்துவிட்டது. 2022ல் கேப் டவுனில் நடந்த ஆராய்ச்சி நேர்மை மாநாட்டிலிருந்து இதற்காகவே ஓர் அறிக்கை வந்தது.

ஏடு

எதிர்க்கட்சி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு கதை.

டிரக்கோமாவை உண்டாக்கும் கிருமியை முதலில் வளர்த்துக் காட்டியவர் பெய்ஜிங்கில் இருந்த டாங் ஃபெய்ஃபான். அதற்கு முன்னால் ஜப்பானிய விஞ்ஞானி நொகுச்சி ஒரு பாக்டீரியாவைக் குற்றவாளி என்று அறிவித்திருந்தார், டாங் அதை ஏற்கெனவே சோதித்து மறுத்தவர். கோழி முட்டைக் கருவின் மஞ்சள்கருப் பையில் உண்மையான கிருமியை வளர்த்து 1957ல் வெளியிட்டார். யாரும் சட்டென்று நம்பவில்லை. டாங் என்ன செய்தார் என்றால், கிருமியை லண்டனில் லிஸ்டர் நிறுவனத்தில் இருந்த லெஸ்லி காலியருக்கு அனுப்பிவைத்தார். பனிப்போர் உச்சத்தில், பெய்ஜிங்கிலிருந்து லண்டனுக்கு! காலியர் அதை உறுதிசெய்தார், அதே முறையில் காம்பியாவிலும் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். டாங் தன் கண்ணிலேயே கிருமியை விட்டுப் பார்த்தவர் என்பது உபகதை. 1958லேயே இறந்துவிட்டார், அது சோகமான வேறு கதை.

இங்கே எந்தத் திசையில் எது போனது என்று பாருங்கள். அறிவு பெய்ஜிங்கிலிருந்து போனது. வசதி இருக்கிற பக்கம்தான் கற்றுக்கொடுக்கும் என்று விதி இல்லை.

எதிர்க்கட்சி

அருமை. ஆனால் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். டாங் யாரையும் லண்டனுக்கு அனுப்பவில்லை. பார்சல் போதுமானதாக இருந்தது. ஃபெலோஷிப் எதற்கு?

இருட்டறை

பார்சலில் போகாதது எது என்று நான் சொல்கிறேன். இதே மாதிரி ஒரு ஃபெலோஷிப்பில் போய்விட்டு வந்தவள் நான்.

என் வேலை சுண்டெலிகளில் ஈஆர்ஜி, அதாவது ஒளியைக் காட்டி விழித்திரையின் மின் அலையைப் பதிவது. எங்கள் லேபில் கருவி இருந்தது, மேனுவல் இருந்தது, ஹோஸ்டின் பேப்பர்கள் எல்லாம் இருந்தன. பதிவு மட்டும் ஒரு நாள் போல இன்னொரு நாள் வராது. காலையில் பார்க்கும் எலிக்கு அலை பெரிதாக இருக்கும், மதியத்தில் அதே வயது எலிக்குப் பாதிதான். மருந்தின் விளைவா, எங்கள் கையின் விளைவா என்று சொல்ல முடியாது. அதை வைத்துப் பேப்பர் எழுத முடியுமா?

அங்கே போய் முதல் எலியைப் பார்த்தபோதே புரிந்தது. மயக்க மருந்து கொடுத்ததும் எலியின் உடல் வெப்பம் இறங்கும். வெப்பம் இறங்கினால் அலை சுருங்கும், கண்ணின் லென்ஸே மெல்ல வெளுத்துத் தற்காலிகப் புரை மாதிரி ஆகிவிடும், சூடு வந்தால் தெளியும். எங்களிடமும் சூட்டுத் தட்டு இருந்தது, ஆனால் அங்கே இருந்த டெக்னீஷியன் எலி மயங்குவதற்கு முன்பே தட்டைச் சூடாக்கி வைத்திருப்பார். கூண்டிலிருந்து எடுத்த கையோடு தட்டில்தான் வைப்பார், மேசையில் ஒரு நொடிகூட வைக்க மாட்டார். கண்ணில் எலெக்ட்ரோட் வைக்கும்போது மெத்தில்செல்லுலோஸ் என்ற பசைச் சொட்டில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். குமிழி இருந்தால் துடைத்துவிட்டு மறுபடியும். இரவெல்லாம் இருட்டில் வைத்த எலி என்பதால் வேறு விளக்கு போட முடியாது, அந்தச் சிவப்பிலேயே பார்த்துப் பழக வேண்டும். இதெல்லாம் எந்தப் பேப்பரின் செய்முறைப் பகுதியிலும் இல்லை. "உடல் வெப்பம் 37 டிகிரியில் பராமரிக்கப்பட்டது" என்று ஒரு வரிதான் இருக்கும்.

அந்த டெக்னீஷியன் எந்தப் பேப்பரிலும் முதல் ஆத்தர் இல்லை. அவரிடம் கற்றுக்கொள்ள ஆள்தான் நேரில் போக வேண்டும், பார்சல் போதாது.

ஆனால் எதிர்க்கட்சி சொன்ன இன்னொரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வந்தால் இங்கே ஒழுங்கான இருட்டறை இல்லை. ஃபெலோஷிப்பில் அதற்கு ஒரு பைசா கிடையாது. ஸ்டோர் ரூமைக் காலிசெய்து, கதவு இடுக்கில் கறுப்புத் துணி அடித்து, துறைத் தலைவரிடம் கையெழுத்துக்கு அலைந்து, அப்புறம்தான் வேலை தொடங்கியது. அதனால் பனித்துளிக்கு என் அறிவுரை: திரும்பி வந்து உங்கள் லேபிலேயே கட்டி எழுப்பக்கூடிய முறை எதுவோ அதைக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்குப் போங்கள். செல் செல்லாகப் பிரிக்கும் முறைக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆகும் செலவை உங்கள் லேப் தாங்குமா?

இன்னொன்றும் சொல்கிறேன். 3 மாதம் என்றால் 3 மாதம் வேலை நடக்காது. அடையாள அட்டை, பாதுகாப்புப் பயிற்சி, விலங்கு அனுமதிப் பட்டியலில் பெயர் சேர்ப்பது என்று முதல் சில வாரம் ஓடிவிடும். இங்கிருந்தே முடிக்கக்கூடிய ஆன்லைன் பயிற்சிகளை முன்பே முடித்துவிட்டுப் போங்கள்.

பிக்சல்

படத் தரவு பக்கம் இருக்கிறவன். பலர் "சாம்பிள் வேண்டாம், டேட்டா அனுப்பலாம்" என்று சொல்கிறார்கள், அதுவும் அவ்வளவு லேசு இல்லை. விழித்திரைப் படத்தை அனுப்பும்போது கோப்பின் பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பின் தலைப்பில் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் உட்கார்ந்திருக்கும். சில பழைய கருவிகள் படத்தின் மூலையிலேயே பெயரை அச்சடித்துவிடும், அதை எந்த மென்பொருளும் தலைப்பைத் துடைப்பதோடு நீக்காது. போதாக்குறைக்கு விழித்திரை ரத்தக்குழாய் அமைப்பே ஆளுக்கு ஆள் தனி. ஐரோப்பிய லேப் என்றால் 2018லிருந்து அவர்களுடைய தரவுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

முடிந்தால் படத்தை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, நிரலை மட்டும் இரண்டு பக்கமும் ஓட்டி, எண்களை ஒப்பிடுங்கள். விண்ணப்பத்தில் இதை இரண்டு வரி எழுதினால் எதிக்ஸ் கமிட்டிக்கும் நிம்மதி.

ஆறுமணிநேரம்

கண் வங்கியில் வேலை பார்க்கிறேன். பனித்துளி, உங்கள் சின்ன லேப் ஐரோப்பாவில் என்றீர்களே, அவர்கள் கருவிழியை எதில் வைக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், உலகில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. நாங்கள் செய்வது குளிர் முறை, 2 முதல் 8 டிகிரியில், நல்ல திரவத்தில் 14 நாள் வரை. அமெரிக்காவிலும் இதுதான். ஐரோப்பாவில் பல வங்கிகள் உடல் சூட்டுக்குப் பக்கத்தில், 31 முதல் 37 டிகிரியில், வளர்ப்புத் திரவத்தில் நாலு வாரம் வரைகூட வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் கிருமி வளர்ந்துவிடும் என்பதால் திரவத்தில் ஆன்டிபயாட்டிக்கோடு பூஞ்சை மருந்தும் போடுவது வழக்கம், பெரும்பாலும் அம்ஃபோடெரிசின் பி. குளிர் முறைத் திரவத்தில் வழக்கமாக ஆன்டிபயாட்டிக் மட்டும்தான்.

நீங்கள் பூஞ்சையை வளர்த்து மருந்து சோதிக்கப் போகிறீர்கள். ஏற்கெனவே பூஞ்சை மருந்தில் ஊறிய கருவிழியிலா?

அது மட்டும் இல்லை, வளர்ப்புத் திரவத்தில் கருவிழி தண்ணீர் குடித்து வீங்கும். ஒட்டறுவைக்கு முன் டெக்ஸ்ட்ரான் திரவத்தில் போட்டு வீக்கத்தை இறக்குவார்கள். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்போது அதைச் செய்திருப்பார்களா இல்லையா என்பது வங்கிக்கு வங்கி மாறும். வீங்கிய கருவிழியில் மருந்து இறங்கும் ஆழமும், வீங்காத கருவிழியில் இறங்கும் ஆழமும் ஒன்றாக இருக்குமா?

பழைய நுண்ணோக்கி

ஆறுமணிநேரம், உங்களுக்கு ஒரு கும்பிடு. பனித்துளி, எதற்கு இரண்டு நாடு என்று கேட்டேனே, பதில் வந்துவிட்டது. இதே சோதனையை இரண்டு விதமாகப் பாதுகாத்த கருவிழியிலும் செய்து முடிவு மாறுகிறதா என்று பார்க்க ஒரு லேபால் முடியாது. ஒரு வகைக் கருவிழி உங்களுக்குக் கிடைக்கிறது, மற்றது அவர்களுக்குக் கிடைக்கிறது. திசுவை எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை, ஆளும் செய்முறையும் போனால் போதும். இவ்வளவு பொருத்தமான காரணம் அமைவது அபூர்வம்.

பனித்துளி

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லாமல் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஹோஸ்டுக்கு எழுதிக் கேட்டேன். அம்ஃபோடெரிசின் உண்டு, கழுவுகிறோம், ஆனால் எவ்வளவு கழுவினால் போதும் என்று முறையாகச் சோதித்ததில்லை என்று நேர்மையாகப் பதில் போட்டார். எனக்கு அந்தப் பதிலிலேயே அவரைப் பிடித்துவிட்டது.

பூஞ்சையை எடுத்துப் போகும் சிக்கல் மட்டும் பாக்கி.

உறைநிலை

எடுத்துப் போகாதீர்கள். பொது நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையங்களில் அடையாளம் உறுதிசெய்த ஃபியூசேரியம் வகைகள் விற்பனைக்கு உண்டு. இரண்டு லேபும் ஒரே எண்ணுள்ள வகையைத் தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்கும் அதுதான் நல்லது. நோயாளிகளிடமிருந்து எடுத்த உங்கள் சொந்தப் பூஞ்சையை இங்கேயே வைத்து அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதிர்க்கட்சி

திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆத்தர் விஷயத்தை யாரும் பேசவில்லையே. யார் முதல், யார் கடைசி?

இருட்டறை

போவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் விஷயத்தில் ஹோஸ்டே ஒரு பக்கம் எழுதி அனுப்பினார்: எந்த டேட்டா யாருடையது, எந்தப் பேப்பருக்கு யார் முதல் ஆத்தர், திரும்பிய பிறகு கூடுதல் சோதனை தேவைப்பட்டால் யார் செய்வது. சட்ட ஒப்பந்தம் இல்லை, மின்னஞ்சல்தான். இருந்தாலும் பின்னால் ஒரு சச்சரவு வந்தபோது அதைத்தான் எடுத்துப் பார்த்தோம். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஆத்தருக்கு நாலு தகுதி சொல்கிறது, நாலும் இருக்க வேண்டும். கருவிழி கொடுத்தார் என்பதற்காக மட்டும் யாரும் ஆத்தர் ஆவதில்லை. அதே நேரம், கண் வங்கியில் பாதுகாப்பு முறையையே வடிவமைத்து, முடிவை அலசி, எழுத்திலும் பங்கெடுப்பவரை நன்றி வரியில் தள்ளிவிடுவதும் நியாயம் இல்லை.

பழைய நுண்ணோக்கி

மறைந்தவரைப் பற்றி எவ்வளவு எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். அவருடைய இரண்டு பேப்பராவது முழுதாகப் படியுங்கள். உங்கள் வேலையோடு உண்மையான தொடர்பு இருந்தால் ஒரு வாக்கியம். இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம். "மாமேதை அவர்களின் அடிச்சுவட்டில்" என்று ஆரம்பிக்கும் விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. குழுவில் அவருடைய பழைய மாணவர்கள் இருப்பார்கள், அவர் காலையில் என்ன மூடில் லேபுக்கு வருவார் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.

ஏடு

இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். குடும்பம் பணம் போடுகிறது, அவர்கள் விஞ்ஞானிகளாக இருக்க வேண்டும் என்று இல்லை. அவர்களுக்குப் புரியும்படி ஒரு பத்தி இருப்பது மரியாதை. நினைவு நிதிகள் பல, இறந்தவருக்கு எது முக்கியமாக இருந்ததோ அதைத் தொடரத்தான் தொடங்கின. ஹும்போல்ட் அறக்கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள், அவர் 1859ல் மறைந்தார், 1860ல் பெர்லினில் தொடங்கினார்கள், வெளிநாட்டுக்கு ஆய்வுப் பயணம் போகிறவர்களுக்கு உதவ. ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தவருக்கு வேறு எப்படி நினைவகம் எழுப்புவது? பெயரோடு நோக்கமும் சேர்ந்துதான் வருகிறது, அதைப் புரிந்துகொண்டதாகக் காட்டினால் தப்பில்லை.

பழைய நுண்ணோக்கி

புரியும்படி எழுதுவது சரி. புகழ்ந்து எழுதுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பனித்துளி

முதல் பத்தியின் வரைவு கீழே. கிழித்துப் போடுங்கள்:

> உலகெங்கும் கருவிழிப் புண் பார்வையிழப்புக்கு முக்கியக் காரணமாக உள்ளது. நாட்டமைசின் முதன்மை மருந்தாக இருந்தாலும் கருவிழிக்குள் அது ஆழமாக ஊடுருவுவதில்லை. புதிய மருந்து வடிவங்களைச் சோதிக்கத் தானக் கருவிழி மாதிரிகள் பயன்படுகின்றன. ஆனால் அவை குளிர் முறையிலோ வளர்ப்பு முறையிலோ பாதுகாக்கப்பட்டவை, இவ்விரண்டும் முடிவை எப்படி மாற்றுகின்றன என்பதை ஒரே செய்முறையில் ஒப்பிட விரும்புகிறோம். இந்த முறையைக் கற்று எங்கள் ஆய்வகத்தில் நிறுவுவேன்.

பழைய நுண்ணோக்கி

முதல் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், கண் ஆராய்ச்சிக் குழுவுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. நாலாவது வாக்கியம் முதலில் வரட்டும். கடைசி வாக்கியத்தில் மறுபடியும் மாணவராகிவிட்டீர்கள். ஹோஸ்டுக்கு நீங்கள் கொண்டுபோவது என்ன? குளிர் முறைக் கருவிழியில் நீங்கள் செய்து வைத்திருக்கும் தொற்றுச் சோதனை அவர்களிடம் இல்லையே, அதைச் சொல்லுங்கள்.

எதிர்க்கட்சி

அங்கிருந்து இங்கே யார் வருகிறார்கள்? குளிர் முறைக் கருவிழியில் சோதனை இங்கேதானே நடக்கும். அவர்கள் லேபிலிருந்து ஒருவர் வந்து உங்கள் பக்கத்தில் நின்று செய்யட்டும். அதை எழுதினால் என் வாயை அடைத்துவிடலாம்.

பனித்துளி

அதையே ஃபெலோஷிப் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். பணம் விண்ணப்பதாரருக்குத்தான், ஹோஸ்டின் ஆள் இங்கே வர அதில் இடமில்லை என்றார்கள். ஆனால் என் காலத்தை இரண்டாகப் பிரிக்கலாமாம், நடுவில் ஊருக்கு வந்து இங்கே சோதனையை முடித்துவிட்டு மறுபடியும் போகலாம். ஹோஸ்ட், தன் மாணவி ஒருவரைத் தன் சொந்த நிதியில் அந்த இடைவெளியில் அனுப்பப் பார்க்கிறேன் என்கிறார். விசாவில் இதனால் சிக்கல் வருமா?

இருட்டறை

இரண்டு தடவை நுழைய அனுமதிக்கும் விசா கேளுங்கள், அழைப்புக் கடிதத்தில் இரண்டு காலகட்டத்தின் தேதியும் தனித்தனியாக இருக்கட்டும். பின்னால் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு அதே நாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால், முந்தைய 36 மாதத்தில் அங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்று விதி உண்டு. 6 மாதம் என்றால் கவலை இல்லை.

கைடு என்ன சொன்னார்?

பனித்துளி

பெரிய லேப் பெயர் இல்லையே என்று கொஞ்சம் முகம் சுளித்தார். அம்ஃபோடெரிசின் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

ஆறுமணிநேரம்

நல்லது. ஒரு வேலை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள். எந்தக் கருவிழி எத்தனை நாள் திரவத்தில் இருந்தது, எப்போது திரவம் மாற்றினார்கள், டெக்ஸ்ட்ரானில் போட்டார்களா, போட்டால் எத்தனை மணி நேரம் என்பதை இரண்டு வங்கியும் ஒரே படிவத்தில் குறிக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் போகும் கண்ணுக்கு வங்கிகள் இந்த விவரங்களை முழுதாக எழுதுவதில்லை, ஒட்டறுவைக்குப் போவதற்கு மட்டும்தான் அந்த அக்கறை. அந்த வங்கியின் பொறுப்பாளர் யார் என்று ஹோஸ்டிடம் கேட்டு என்னோடு இணைத்துவிடுங்கள், படிவத்தை நான் தயார் செய்கிறேன்.